தலைப்பு ரப்பர்... விதி இரும்பு!

ஜாம் என்றால் நமக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று, ரொட்டியில் தடவுவது. இன்னொன்று, கத்திபாராவில் மாட்டிக்கொண்டு ஆபீஸுக்கு லேட்டாகப் போய் மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்வது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது ஸார். அதன் பெயர் கேம் ஜாம்!

வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஒரு தலைப்பை அறிவிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரத்துக்குள், அதாவது 48 மணி நேரத்துக்குள், அந்தத் தலைப்பை வைத்து ஒரு கம்ப்யூட்டர் கேமை அடியிலிருந்து நுனிவரை செய்து முடிக்க வேண்டும். கதை, படம், சத்தம், ப்ரோக்ராம் எல்லாம் உண்டு. நடுவில் சாப்பாடு, தூக்கம், குளியல் எல்லாம் அவரவர் விருப்பம். (குளியலை முதல் நாளே கைவிட்டு விடுவார்கள் என்று கேள்வி!)

சங்கீதக்காரர்கள் நாலு பேர் ஒத்திகை இல்லாமல் உட்கார்ந்து கிடாரும் டிரம்ஸும் வாசித்துத் தள்ளுவதை 'ஜாம்' என்பார்கள் இல்லையா... அங்கிருந்து வந்த பெயர் இது. 2002 மார்ச்சில் அமெரிக்காவின் ஓக்லண்டில் கிறிஸ் ஹெக்கரும் ஷான் பாரெட்டும் ஒரு டஜன் ப்ரோக்ராமர்களைக் கூட்டி நாலு நாள் உட்கார வைத்தார்கள். அதற்கு 'இண்டி கேம் ஜாம்' என்று நாமகரணம். அடுத்த மாதமே ஜெஃப் ஹௌலண்ட் என்பவர் 'லூடம் டேர்' என்ற போட்டியை ஆரம்பித்தார். 2009 ஜனவரியில் 'குளோபல் கேம் ஜாம்' வந்தது. ஒரே வார இறுதியில் 23 நாடுகளில் ஆட்கள் தூக்கம் கெட்டார்கள்.

சரி, ஆட்டம் என்று வந்துவிட்டால் விதி வரும். விதி வந்தால் சண்டை வரும். இந்த உலகத்தில் ஓயாத சண்டை ஒன்று உண்டு. தலைப்பையும் விதிகளையும் எவ்வளவு கறாராகப் பிடிப்பது? தலைப்பை விட்டு விலகின கேமைத் தூக்கி வெளியே போடுவதா? அரை மணி நேரம் லேட்டாக வந்தவனை உள்ளே விடுவதா?

இந்தச் சண்டை எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் மனைவியின் தம்பி ஒருத்தன் இருக்கிறான். சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் யாரோ ஒரு பாங்க்குக்காகக் கோடு எழுதுகிறவன், லீவு கிடைத்தால் தனக்காக எழுதுவான். ஒரு ஜாமில் கலந்துகொண்டு, இரண்டு ராத்திரி முழித்து, ஒரு கேமைச் செய்து அனுப்பினான். ரிசல்ட் வந்த அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். முகம் சரியில்லை.

"அநியாயம் மாமா. எனக்கு மேல வந்திருக்கிற கேமைப் பாத்தீங்களா? இது 48 மணி நேரத்துல பண்ணினதே இல்ல. வீட்ல ஏற்கெனவே பண்ணி வெச்சிருந்த கேமு. தலைப்பை மட்டும் மேல கொத்தமல்லி மாதிரி தூவிட்டான்!"

"ஆதாரம் இருக்காடா மாப்ளே?"

"பாத்தாலே தெரியுது மாமா. மெனுவைப் பாருங்க, செட்டிங்ஸைப் பாருங்க... ரெண்டு நாள்ல யாரால முடியும்? இவனைப் பேர் போட்டு எல்லாருக்கும் எழுதப் போறேன். இந்த மாதிரி ஆளையெல்லாம் வெளில தள்ளணும். தலைப்பை ஸ்ட்ரிக்டா செக் பண்ணியிருந்தா இவன் வந்திருக்கவே முடியாது."

அவனுக்கு ஒரு காபியைக் கொடுத்து உட்கார வைத்தேன். அவன் சொன்னதில் பாதி நியாயம், பாதி ஆத்திரம். இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் இந்த விவகாரம் புரியும்.

தலைப்பு எதற்கு?

தலைப்புக்கு இரண்டு வேலை. முதல் வேலை, வெறும் ஸ்கிரீனைப் பார்த்து முழிக்கிறவனுக்கு ஒரு பிடி கொடுப்பது. 'என்ன வேணும்னாலும் பண்ணு' என்று சொன்னால் ஒருத்தனும் ஒன்றும் பண்ண மாட்டான். 'இதயத் துடிப்பை வைத்துப் பண்ணு' என்றால் மூளை கிளம்பிவிடும்.

நிஜமாகவே அப்படி ஒரு தலைப்பு வந்தது. 2013 குளோபல் கேம் ஜாமில் வார்த்தையே சொல்லவில்லை. லப்-டப் என்று இதயம் துடிக்கிற சத்தத்தை மட்டும் போட்டுக் காட்டினார்கள். லண்டனில் பாஸா ஸ்டூடியோஸ் ஆட்கள் அதைக் கேட்டுவிட்டு 'சர்ஜன் சிமுலேட்டர்' செய்தார்கள். இதய ஆபரேஷன்! டாக்டரின் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனிப் பட்டன். கத்தியை எடுக்கப் போனால் பேஷண்ட்டின் நெஞ்சுக்குள் கடிகாரம் விழும். சிரித்துச் சிரித்து நமக்கு ஆபரேஷன் தேவைப்படும். அதே வருஷம் ஏப்ரலில் கடைக்கு வந்து சக்கைப்போடு போட்டது.

அதே 2013-ன் டிசம்பர் லூடம் டேரில் 'உனக்கு ஒன்றுதான்' என்ற பொருளில் ஒரு தலைப்பு. அதிலிருந்து 'டைட்டன் சோல்ஸ்' வந்தது. ஹீரோவிடம் இருப்பது ஒரே ஒரு அம்பு. விட்டால் ஓடிப் போய் எடுத்து வர வேண்டும். எதிரில் நிற்பதோ மலை மாதிரி ராட்சசன். 2018 டிசம்பரில் 'தியாகம் செய்தே ஆக வேண்டும்' என்று தலைப்பு. கனடாவின் டேனியல் மல்லின்ஸ் ஒரு சீட்டு ஆட்டம் செய்தார். பெரிய சீட்டை இறக்க வேண்டுமானால் கையிலிருக்கும் சின்னப் பிராணிகளைப் பலி கொடுக்க வேண்டும். அது வளர்ந்து 2021-ல் 'இன்ஸ்கிரிப்ஷன்' ஆகி வந்தது.

இவையெல்லாம் தலைப்பை ஒட்டி வந்தவை. இப்போது வில்லங்கமான ஒன்று சொல்கிறேன். 2017 நார்டிக் கேம் ஜாமின் தலைப்பு 'அங்கே இல்லை'. மற்றவர்கள் மறைந்து போகிற பேய், காணாமல் போன பாலம் என்று யோசிக்க இடமிருக்கிறது. ஃபின்லாந்தின் ஆர்வி டெய்க்கரிக்கு அதிலிருந்த 'இல்லை' என்ற சொல்தான் கண்ணில் பட்டது. 'இல்லை' என்பது தர்க்கத்தில் ஒரு கருவியாயிற்றே என்று யோசித்து, 'பாபா இஸ் யூ' என்ற கேமைச் செய்தார். அதில் ஆட்டத்தின் விதிகளே மரக்கட்டைகளாகத் தரையில் கிடக்கும். 'சுவர் என்பது தடை' என்று மூன்று கட்டை. அதில் 'தடை' என்கிற கட்டையைத் தள்ளிவிட்டால் சுவருக்குள் புகுந்து போகலாம்!

கையில் பிரம்போடு ஒரு தலைப்பு இன்ஸ்பெக்டர் அங்கே நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "தம்பி, கட்டை தள்ளறதுக்கும் 'அங்கே இல்லை'க்கும் என்னப்பா சம்பந்தம்? வெளியே போ" என்றிருப்பார். நல்லவேளை, அப்படி ஒருவர் இல்லை. அந்த ஜாமில் ஜெயித்ததே அதுதான். 2019-ல் முழுசாக வந்தபோது உலகம் மண்டையைப் பிய்த்துக்கொண்டது.

நம் ஊர் வெண்பாப் போட்டியை நினைத்துப் பாருங்கள். ஈற்றடி கொடுப்பார்கள். அந்த அடிக்குப் புலவன் எந்த வழியாக வேண்டுமானாலும் வந்து சேரலாம். எவ்வளவு சுற்றி வருகிறானோ அவ்வளவு கைதட்டல். ஆனால் தளை தட்டினால்? முடிந்தது கதை. பொருளில் தாராளம், இலக்கணத்தில் கறார். என் கட்சியும் அதுதான். தலைப்பு ரப்பராக இருக்கட்டும், விதி இரும்பாக இருக்கட்டும்.

தலைப்பின் இரண்டாவது வேலை

"அப்படின்னா கொத்தமல்லி தூவினவன் தப்பிச்சிடுவானே மாமா?" என்றான் மச்சினன்.

நல்ல கேள்வி. தலைப்பின் இரண்டாவது வேலை அதுதான், காவல் வேலை. கடைசி நிமிஷம் வரை தலைப்பை ரகசியமாக வைத்தால், முன்கூட்டியே யாரும் செய்து கொண்டு வர முடியாது. தலைப்பை ரொம்ப இழுக்க விட்டால் இந்தக் காவல் போய்விடும். எந்த கேமையும் எந்தத் தலைப்புக்கும் பொருத்திவிடுவார்கள் நம் கில்லாடிகள். 'கட்டுப்பாடு' என்று தலைப்பு வந்தால், ரிமோட் கன்ட்ரோல், பிறப்புக் கட்டுப்பாடு, டிராஃபிக் கட்டுப்பாடு எல்லாம் கட்டுப்பாடுதானே!

ஆனால் ஒரே ஆளை வாட்ச்மேனாகவும் சமையல்காரராகவும் வைத்தால் இரண்டும் கெடும். காவல் வேலையைத் தலைப்பிடமிருந்து பிடுங்கி விதியிடம் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

லூடம் டேர்காரர்கள் அதைத்தான் செய்தார்கள். அவர்களுடைய போட்டிப் பிரிவில் மூன்று நிபந்தனை. தனி ஆளாகச் செய்ய வேண்டும். 48 மணி நேரத்துக்குள் படம், சத்தம் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். கேமோடு சேர்த்து அதன் மூல ப்ரோக்ராமையும் எல்லோரும் பார்க்கிற மாதிரி வைக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையில்தான் சூட்சுமம். பரீட்சையில் விடையோடு ரஃப் ஒர்க்கையும் காட்டச் சொல்கிற மாதிரி. பார்த்து எழுதியவன் மாட்டிக்கொள்வான்.

தலைப்பை அவர்கள் என்ன செய்தார்கள்? வாசல் கேட்டில் வைக்காமல் மார்க் ஷீட்டில் வைத்தார்கள். வேடிக்கை, புதுமை, படம், சத்தம், நகைச்சுவை என்று மார்க் போடும்போது 'தலைப்புப் பொருத்தம்' என்பதும் ஒரு பாடம். விலகிப் போனால் அதில் மார்க் குறையும், அவ்வளவுதான். இன்னொரு விசேஷம், மார்க் போடுகிறவர்களும் போட்டியாளர்களே. நீ மற்றவர்களின் கேமை ஆடி மார்க் போட்டால்தான் உன் கேமும் மற்றவர் கண்ணில் படும். மொய் எழுதினால்தான் மொய் வரும் என்கிற நம் ஊர்க் கல்யாணக் கணக்கு!

யோசித்தால் இது தவிர வேறு வழியும் இல்லை. மார்க் பிரவுன் 2017 முதல் நடத்தி வரும் ஜி.எம்.டி.கே. ஜாமில் 2024-ல் மட்டும் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கேம்கள் வந்து குவிந்தன. ஒரு கேமுக்குப் பத்து நிமிஷம் என்று வைத்தால்கூட, ஒருத்தரே உட்கார்ந்து தலைப்பு செக் பண்ணி முடிக்க, தூங்காமல் கொள்ளாமல் 48 நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் அவருக்கே மனசு மாறி, காலையில் 'பொருந்தும்' என்றதை ராத்திரி 'பொருந்தாது' என்பார்.

தராசு பேசட்டும்

விதி இரும்பாக இருக்க வேண்டும் என்றேன். அதற்கு முதல் லட்சணம், அளந்து பார்க்க முடிய வேண்டும்.

போலந்துக்காரர் ஆண்ட்ரே மஸூர் 2012-ல் ஆரம்பித்த 'ஜே.எஸ்.13கே' போட்டியைச் சொல்லலாம். முழு கேமையும் சுருக்கிக் கட்டினால் 13 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும். கணக்காகச் சொன்னால் 13,312 பைட். உங்கள் செல்போனில் எடுக்கிற ஒரு சாதாரண போட்டோவே அதைப் போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். வெளியிலிருந்து ஒரு எழுத்துருவைக்கூடக் கடன் வாங்கக் கூடாது. 13,313 என்று வந்தால்? ஊஹூம்!

இவ்வளவு கறாரான விதியை வைத்து அங்கே பெரிய சண்டை வர இடமில்லை. ஏன்? தராசு முகம் பார்க்காது. 'தலைப்புக்குப் பொருந்தவில்லை' என்று ஒரு மனிதர் சொன்னால் 'உனக்கு ரசனை இல்லை' என்று திருப்பிச் சொல்லலாம். '1 பைட் அதிகம்' என்றால் என்ன சொல்ல முடியும்? பேசாமல் போய் ஒரு வரியைச் சுருக்க வேண்டியதுதான். அளக்க முடிகிற விதி கடுமையாக இருக்கலாம். அளக்க முடியாத விதி மென்மையாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது லட்சணம், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். தெரு கிரிக்கெட்டில் 'மாடியில விழுந்தா அவுட்' என்பதை டாஸ் போடும்போதே சொல்லிவிட வேண்டும். பந்து மாடியில் விழுந்த பிறகு சொன்னால் அது அழுகுணி ஆட்டம்.

மூன்றாவது, விதி உடைபடுகிற இடத்தில் விதியை வளைக்காமல் இன்னொரு கதவைத் திறப்பது. தனியாகச் செய்ய முடியாது, நண்பர்களோடு சேர்ந்துதான் முடியும் என்று பலர் கேட்டார்கள். லூடம் டேர் தன் விதியைத் தளர்த்தவில்லை. பக்கத்திலேயே 'ஜாம்' என்று இன்னொரு பிரிவு வைத்தது. அங்கே 72 மணி நேரம், கூட்டணி உண்டு, நிபந்தனை குறைவு. கறார்ப் பேர்வழிகளுக்கு ஒரு பந்தி, ஜாலிப் பேர்வழிகளுக்கு ஒரு பந்தி. இரண்டிலும் சாப்பாடு ஒன்றுதான்.

நேரம் முடிந்த பிறகு கேம் ஆடாமல் நின்றுவிட்டால்? அதற்கும் மனிதாபிமானம் உண்டு. கேம் திறக்கவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தால் அந்த ஓட்டையை அடைக்கலாம். புதுசாக ஒரு ராட்சசனைச் சேர்க்கக் கூடாது. பரீட்சை முடிந்ததும் பேப்பரை நூல் போட்டுக் கட்ட விடுவார்கள், இன்னொரு விடை எழுத விட மாட்டார்கள் அல்லவா, அந்தக் கணக்கு.

'விதி இவ்வளவு கடுமையாக இருந்தால் நல்ல திறமை வீணாகாதா?' என்று கேட்பவர்களுக்கு ஒரு நிஜக் கதை. ஆஸ்திரேலியாவின் ஆரி கிப்ஸன், வில்லியம் பெல்லன் இருவரும் 2013-ல் ஒரு லூடம் டேரில் சின்னதாக ஒரு பூச்சி கேம் செய்தார்கள். பெரிதாக எடுபடவில்லை. பிறகு 'அடியில் ஒளிந்திருப்பது' என்ற மாதிரித் தலைப்புக் கொண்ட இன்னொரு ஜாமுக்கு உட்கார்ந்தார்கள். கெடுவுக்குள் முடியவில்லை. அவர்களுக்காக யாரும் கடிகாரத்தைத் திருப்பி வைக்கவில்லை. ஆனால் பூமிக்கு அடியில் ஒரு பழைய ராஜ்ஜியம் என்ற யோசனை அவர்களை விடவில்லை. அதை வளர்த்து 2017-ல் 'ஹாலோ நைட்' என்று கொண்டுவந்தார்கள். இன்றைக்கு அதைத் தெரியாத கேம் பிரியர் கிடையாது. ஜாமின் கதவு மூடியது, கேம் சாகவில்லை. ஆகவே கெடுவைக் கறாராக வைப்பதால் உலகம் அழிந்துவிடாது.

எவ்வளவு போலீஸ் வேண்டும்?

பி.காம். படித்த பாவத்துக்கு ஆடிட்டிங் பாடத்தில் ஒன்று கற்றுக்கொண்டேன். ஐந்து ரூபாய் திருட்டைப் பிடிக்க ஐம்பது ரூபாய்க்கு வாட்ச்மேன் போடாதே. கேம் ஜாமுக்கும் அதே சூத்திரம்தான்.

குளோபல் கேம் ஜாம் போட்டியே இல்லை. பரிசும் இல்லை. அங்கே ஒருவன் ஏமாற்றினால் அவனையே ஏமாற்றிக்கொள்கிறான். 2005 முதல் நடக்கும் 'ஏழு நாள் ரோக்லைக்' சவாலில் இன்னும் ஒரு படி மேல். 168 மணி நேரத்தில் முடித்தேனா இல்லையா என்பதை செய்தவனே அறிவிக்க வேண்டும். மனசாட்சிதான் நீதிபதி. அங்கே போய் லத்தி சுழற்றுவது அசட்டுத்தனம்.

ஆனால் ரொக்கப் பரிசு, வேலை வாய்ப்பு என்று வந்துவிட்டால் கதையே வேறு. அப்போது மூல ப்ரோக்ராமை வாங்கிப் பார்க்க வேண்டும், நாள் குறித்த பதிவுகளைக் கேட்க வேண்டும். எல்லோருடையதையும் பார்க்க வேண்டாம். பரிசு வாங்கப் போகிற பத்துப் பேருடையதைப் பார்த்தால் போதும். ஆடிட்டர் எல்லா வவுச்சரையுமா புரட்டுகிறார்? பெரிய தொகைக்குத்தானே பச்சை இங்க் டிக் போடுகிறார்!

இதில் செய்யவே கூடாத ஒன்று, கூட்டமே போலீஸாக மாறுவது. என் மச்சினன் 'பேர் போட்டு எழுதப் போறேன்' என்றானே, அது. ஒருவனைத் திருடன் என்று பத்தாயிரம் பேர் முன்னால் சொல்வதற்கு முன், புகாரை நடத்துகிறவர்களிடம் தனியாகக் கொடுக்க வேண்டும். அவர்கள் விசாரிக்க வேண்டும். சம்பந்தப்பட்டவன் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

"மொதல்ல விதியைப் படிடா மாப்ளே" என்றேன். படித்தான். ஐந்தாவது வரியிலேயே இருந்தது. மெனு, செட்டிங்ஸ் மாதிரியான பொது அஸ்திவார ப்ரோக்ராமை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம், ஆரம்பத்திலேயே அதை அறிவித்துவிட வேண்டும். அந்த ஆள் அறிவித்திருந்தான். லூடம் டேரிலும் இப்படி அனுமதி உண்டு. மச்சினன் காபி டம்ளரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த ஆள் எந்த ஊரோ, அவனும் இரண்டு ராத்திரி முழித்தவன். ஆத்திரத்தில் போட்டிருக்கக்கூடிய ஒரு பட்டம் அவன் முதுகில் எத்தனை வருஷம் ஒட்டிக்கொண்டிருக்கும்?

ஜாம் நடத்த நினைக்கிற இளைஞர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு. ஆபீஸில் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் (மேனேஜர் பார்க்காதபோது). நேரம், அளவு, யார் செய்தது, இந்த மூன்றிலும் சலுகை காட்டாதீர்கள். தலைப்பை மார்க்கில் வையுங்கள், வாசலில் வைக்காதீர்கள். எது அனுமதி, எது கிடையாது என்பதை முதல் நாளே சின்ன வாக்கியங்களில் எழுதுங்கள். முதல் தடவை தவறியவனை வேறு பந்திக்கு மாற்றுங்கள், தெரிந்தே ஏமாற்றியவனை மட்டும் வெளியே அனுப்புங்கள். யாரையும் சபை நடுவில் அவமானப்படுத்தாதீர்கள்.

கலந்துகொள்கிறவர்களுக்கு? நேர்மையாக முழித்தவனின் 48 மணி நேரத்துக்கு விதிதான் ஒரே பாதுகாப்பு. ஆகவே அதை மதியுங்கள். தலைப்பை மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் இழுங்கள், அறுந்து போகாத வரைக்கும்.

மச்சினன் அடுத்த ஜாமுக்குப் பேர் கொடுத்துவிட்டான். இந்தத் தடவை மெனுவை இப்போதே எழுதி வைத்துக்கொள்கிறானாம்... அறிவித்துவிட்டுத்தான்!